ஹாரி பாட்டர் நூல்கள் குறித்த சமய விவாதம்

ஹாரி பாட்டர் நூல்கள் குறித்த சமய விவாதம் என்பது, பிரித்தானிய எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் சிறுவர்களுக்காக எழுதிய ஹாரி பாட்டர் புதினத் தொடரில் மந்திர வித்தை இடம்பெறுவது சமய நெறிக்கு ஏற்புடையதா என்பது பற்றி 1990களின் இறுதியில் தொடங்கிய கருத்து மோதலைக் குறிக்கும். இவ்விவாதம் பெரும்பாலும் கிறித்தவர்களுக்கிடையே, குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றது. கதையில் வரும் மந்திரமும் விவிலியம் தடை செய்யும் சூனியமும் ஒன்றுதானா என்பதே இதன் மையக் கேள்வி. ஒரு குழந்தை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்பவர் பெற்றோரா, திருச்சபையா, பள்ளி நிர்வாகமா என்ற மற்றொரு கேள்வியும் இதிலிருந்து எழுந்தது. நீதிமன்றம் வரை சென்றது இந்த இரண்டாவது கேள்வியே.

தொடரின் முதல் நூல் 1997 ஆம் ஆண்டு சூன் 26 அன்று இலண்டனில் வெளியானது. ஏழாவதும் இறுதியானதுமான நூல் 2007 ஆம் ஆண்டு சூலை 21 அன்று வெளிவந்தது. முதல் நூலின் பிரித்தானியத் தலைப்பில் இருந்த "தத்துவஞானியின் கல்" என்பதை 1998 இல் அமெரிக்கப் பதிப்பாளர் "மந்திரவாதியின் கல்" என்று மாற்றினார். விற்பனை கருதிச் செய்யப்பட்ட இம்மாற்றத்தால், நூலைத் திறவாதவர் கண்ணிலும் மந்திரவாதி என்ற சொல் படலாயிற்று.

பின்னணி

சிறுவர் கதைகளில் மந்திரம் வருவதற்கு எழுந்த எதிர்ப்பு ஹாரி பாட்டருடன் தோன்றியதன்று. எல். பிராங்க் பாம் 1900 இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி பற்றிய நூலில் நல்ல சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். சூனியக்காரி நல்லவளாக இருக்க முடியும் என்று குழந்தைகளுக்குக் கற்பிப்பது தங்கள் நம்பிக்கைக்கு முரணானது என்று டென்னசி மாநிலத்தின் ஹாக்கின்ஸ் கவுண்டியைச் சேர்ந்த சில குடும்பத்தினர் 1980களில் வாதிட்டனர். இக்கதையின் பகுதி இடம்பெற்ற பள்ளி வாசிப்பு நூல்களுக்கு எதிராக அவர்கள் தொடுத்த வழக்கில் 1986 இல் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1987 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. மாற்றுக் கருத்து ஒன்றைப் படிக்க நேர்வது, அதனை ஏற்குமாறு கட்டாயப்படுத்துவதாகாது என்பது மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம்.

மேடலின் லெங்கிள் 1962 இல் எழுதிய "காலத்தில் ஒரு சுருக்கம்" என்னும் புதினமும் இவ்வகை எதிர்ப்பைச் சந்தித்தது. லெங்கிள் பக்தியுள்ள கிறித்தவர் என்பதும் அவருடைய நூல் கிறித்தவ உணர்வு நிறைந்தது என்பதும் அதனைக் காக்கவில்லை. 1980களில் அமெரிக்காவில் சாத்தான் வழிபாடு பரவுகிறது என்ற அச்சம் ஆதாரமின்றி வளர்ந்து, கற்பனைப் பாத்திரங்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுகள் மீதும் ஐயம் விழுந்தது. அந்த அச்சத்தினூடே வளர்ந்த தலைமுறையினர் பெற்றோரான காலத்தில் ஹாரி பாட்டர் வெளியாயிற்று.

எதிர்ப்பாளர்களின் வாதம்

எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் விவிலியப் பகுதி உபாகமம் 18 ஆம் அதிகாரம் ஆகும் (கத்தோலிக்கத் தமிழ்ப் பதிப்பில் இந்நூலின் பெயர் இணைச் சட்டம்). குறிசொல்லுதல், நாள் பார்த்தல், சூனியம் செய்தல், இறந்தோரின் ஆவிகளிடம் கேட்டறிதல் ஆகியவை அங்கு விலக்கப்படுகின்றன. புதிய ஏற்பாட்டில் கலாத்தியருக்கு எழுதிய மடல் 5 ஆம் அதிகாரத்திலும் சூனியம் தீச்செயல்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அங்குள்ள கிரேக்க மூலச்சொல் "பார்மகேயா" என்பதாகும். மருந்து, நஞ்சு ஆகிய பொருள்களையும் தரும் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். மருந்தகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினதே. ஆகவே பழைய நூல்கள் விலக்கிய செயல் எது என்பதிலேயே அறிஞர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. விவாதத்தில் ஈடுபட்ட பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

எதிர்ப்பாளர் அனைவரும் நூல்களைப் படியாமல் பேசியவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழுமையாகச் சரியன்று. 2001 இல் ஹாரி பாட்டரையும் விவிலியத்தையும் ஒப்பிட்டு நூல் எழுதிய ரிச்சர்ட் அபேன்ஸ், கனடியக் கத்தோலிக்க எழுத்தாளர் மைக்கேல் ஓ'பிரையன் முதலியோர் கதையின் உள்விவரங்களைக் கொண்டே வாதிட்டனர். அவர்களின் கருத்துகளுள் சில எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. கதையில் பெயர் கூறப்படும் நிக்கோலா பிளமேல், அக்ரிப்பா ஆகியோர் ஐரோப்பாவில் உண்மையில் வாழ்ந்தவர்கள். இரசவாதத்துடனும் மறைபொருள் வித்தையுடனும் இணைத்துப் பேசப்படுபவர்கள். குறிசொல்லும் ஆசிரியை டிரெலானி நகைப்புக்குரியவராகக் காட்டப்பட்டாலும், அவர் கூறிய ஒரு முன்னறிவிப்பின் மீதே தொடரின் கதை முழுதும் நிற்கிறது. 2000 இல் வெளியான நான்காம் நூலில், கல்லறைத் தோட்டத்தில் எலும்பும் சதையும் குருதியும் கொண்டு நடைபெறும் சடங்கு ஒன்று விரிவாகவே விவரிக்கப்படுகிறது. கதைத்தலைவன் விதிகளை மீறுவதும் பொய் கூறுவதும் பல இடங்களில் தண்டனைக்கு மாறாகப் பாராட்டையே பெறுகின்றன என்ற ஒழுக்கவியல் குறையும் இவற்றுடன் சேர்த்துக் கூறப்பட்டது.

படியாமல் பரப்பப்பட்ட செய்திகளும் இல்லாமலில்லை. 2000 ஆம் ஆண்டு சூலையில் அமெரிக்க நையாண்டி இதழான "தி ஆனியன்", இந்நூல்களால் சிறுவர்கள் சாத்தான் வழிபாட்டிற்குத் திரும்புவதாக ஒரு வேடிக்கைக் கட்டுரை வெளியிட்டது. அதிலிருந்த கற்பனைப் பேட்டிகள் உண்மை எனக் கருதப்பட்டுத் தொடர் மின்னஞ்சலாகப் பல சபைகளுக்கும் பெற்றோருக்கும் சென்றடைந்தன.

ஆதரவாளர்களின் வாதம்

நூல்களை ஏற்ற கிறித்தவர்களின் விடை, மந்திரம் என்ற சொல்லை இரண்டாகப் பிரிப்பதில் தொடங்குகிறது. ஆவிகளையோ வேறு ஆற்றல்களையோ அழைத்து உதவி பெறுவது ஒரு வகை. விவிலியம் விலக்குவது இதனையே. கதை உலகின் இயற்கையிலேயே அமைந்த ஆற்றலைச் சொல்லாலும் கோலாலும் இயக்குவது மற்றொரு வகை. ஹாரி பாட்டரில் வருவது இதுவே என்பது அவர்கள் கருத்து. ஹாக்வார்ட்ஸ் பள்ளி மாணவர் எவரும் எந்த ஆவியையும் அழைப்பதில்லை. அவர்களின் திறன் பிறவியிலேயே வருவது; அஃது இல்லாதோர் எவ்வளவு முயன்றாலும் கற்க இயலாது. அமெரிக்க நற்செய்திவாதத் தலைவர்களுள் ஒருவரான சார்லஸ் கோல்சன் 1999 இல் இம்மந்திரத்தை இயந்திரத்தன்மை கொண்டது என்று கூறியது பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. இலக்கியப் பேராசிரியர் ஆலன் ஜேக்கப்ஸ் 2000 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இதனை மேலும் விரித்தார். ஐரோப்பிய வரலாற்றில் மந்திரமும் சோதனை அறிவியலும் ஒரே காலத்தில், ஒரே நோக்கத்துடன் வளர்ந்தவை என்றும், கதையில் மந்திரம் தொழில்நுட்பத்தின் இடத்தில் நிற்கிறது என்றும், ஆற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கதையின் உண்மையான கேள்வி என்றும் அவர் எடுத்துரைத்தார். இவ்விவாதத்தில் எழுதப்பட்டவற்றுள் இன்றும் படிக்கத்தக்க சிலவற்றுள் அக்கட்டுரை ஒன்று.

ஜோன் கிரேஞ்சர் 2002 முதல் எழுதிய நூல்களில் இன்னும் ஒரு படி மேலே சென்று, தொடர் முழுவதும் கிறித்தவக் குறியீடுகளால் அமைந்தது என்றார். தொடர் முடிவடையாத நிலையில் இது மிகைக் கூற்றாகவே பலருக்குத் தோன்றியது.

நார்னியாவும் நடு உலகமும்

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளிலும் (1950–1956) ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த நடு உலகக் கதைகளிலும் மந்திரம் நிறைய உண்டு. இவ்விருவரும் கிறித்தவர்கள்; இவர்களின் நூல்கள் கிறித்தவ இல்லங்களில் விரும்பிப் படிக்கப்படுகின்றன. அவற்றை ஏற்பவர்கள் இதனை மறுப்பது எவ்வாறு என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

இதற்குத் தரப்பட்ட விடைகளுள் கத்தோலிக்கத் திரைப்பட விமர்சகர் ஸ்டீவன் கிரேடேனஸ் தந்தது தெளிவானது. லூயிசும் டோல்கீனும் மந்திரத்தைச் சுற்றி வேலி இட்டனர் என்பது அவர் கருத்து. அவர்களின் கதைகள் நம் உலகிலிருந்து வேறான உலகில் நிகழ்கின்றன. மந்திரம் செய்யும் நல்லோர் பெரும்பாலும் மனிதர் அல்லர். கேண்டால்ஃப் மனித வடிவில் வந்த வேறொரு பிறவி. வாசிக்கும் சிறுவன் தன்னை எவராக எண்ணிக்கொள்வானோ அந்தப் பாத்திரம் மந்திரம் கற்பதில்லை. ஹாரியோ இக்கால இங்கிலாந்தில் வாழும் சிறுவன். இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் தொடருந்து ஏறிப் பள்ளிக்குச் சென்று பாடமாகவே மந்திரம் பயில்கிறான். எதிர்த்தரப்பினரோ, எந்தக் குழந்தையும் நிலையச் சுவரில் மோதிப் பார்த்த பின்னர் உண்மையை உணர்ந்துகொள்ளும் என்று வேடிக்கையாக விடையளித்தனர். வேலி இருந்தது என்பது உண்மையே. அது தேவையா என்பதில்தான் இரு தரப்பினரும் வேறுபட்டனர்.

பிலிப் புல்மன் எழுதிய நூல்களுக்கு எதிராக 2007 இல் கத்தோலிக்க அமைப்புகள் நடத்திய இயக்கத்தை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அங்கு எதிர்க்கப்பட்டது மந்திரம் அன்று. திருச்சபை பற்றிய ஆசிரியரின் வெளிப்படையான எதிர்க்கருத்தே.

பள்ளிகளும் நூலகங்களும்

அமெரிக்க நூலகச் சங்கம், ஒரு நூலை நீக்கும்படியோ கட்டுப்படுத்தும்படியோ எழுதித் தரப்படும் முறையீடுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. 1999 முதல் 2002 வரை நான்கு ஆண்டுகளும் ஹாரி பாட்டர் அப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 2000–2009 காலப்பகுதிக்கான பட்டியலிலும் முதலிடம் இதற்கே. முறையீடு என்பது தடை அன்று; பெரும்பாலான இடங்களில் நூல்கள் நீக்கப்படவில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் சீலேண்ட் நகரில் 1999 நவம்பரில் பள்ளிக் கண்காணிப்பாளர் இந்நூல்களை வகுப்பில் உரக்கப் படிப்பதைத் தடை செய்து, நூலகத்தில் பெறுவதற்குப் பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்கினார். எழுத்தாளர், நூல் விற்பனையாளர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பு இயக்கம் தொடங்கின. 2000 மே மாதத்தில் கட்டுப்பாடுகளுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டன.

சீடர்வில் வழக்கு

ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த வழக்கு இவ்விவாதத்தின் சட்ட வரலாற்றில் முதன்மையானது. பெற்றோர் ஒருவரின் முறையீட்டை ஆராயப் பள்ளி விதிகளின்படி குழு அமைக்கப்பட்டது. அதன் 15 உறுப்பினர்களும் ஒருமனதாக நூல்களை வைத்திருக்கலாம் என்றனர். எனினும் 2002 சூன் மாதத்தில் பள்ளி வாரியம் 3க்கு 2 என்ற வாக்கு வேறுபாட்டில் அம்முடிவை ஒதுக்கியது. நூல்கள் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டன. பெற்றோர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் கொண்டுவரும் மாணவருக்கு மட்டுமே அவை தரப்படலாயின. நூல்கள் கீழ்ப்படியாமையை ஊக்குவிக்கின்றன, சூனியத்தையும் மறைபொருள் வித்தையையும் பற்றிப் பேசுகின்றன என்பன வாரியத்தினர் கூறிய காரணங்கள்.

மாணவி ஒருத்தியின் பெற்றோர் இதனை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்திற்குச் சென்றனர். பள்ளித் தரப்பின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானதே. நூல்கள் எரிக்கப்படவில்லை, நீக்கப்படவும் இல்லை, ஒரு கையொப்பம் மட்டுமே கேட்கப்பட்டது. அந்த மாணவியின் பெற்றோர் இசைவளிக்க ஆயத்தமாக இருந்தனர். அவ்வாறிருக்க இழப்பு எங்கே?

நீதிபதி ஜிம் லேரி ஹெண்ட்ரன் 2003 ஏப்ரல் 22 அன்று வழங்கிய தீர்ப்பு இக்கேள்விக்கு விடை கூறியது. இசைவுக் கடிதம் கேட்கப்படும் நூல், தீய நூல் என்று முத்திரை இடப்பட்ட நூலாகும். அதனைக் கேட்டுப் பெறும் குழந்தை மீதும் அம்முத்திரை விழுகிறது. மேலும், பிற நூல்களைப் போல் அதனை அலமாரியில் எடுத்துச் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமற் போகிறது. வீட்டில் நூல் கிடைக்கிறது என்பது பள்ளியில் ஏற்படும் இழப்பைப் போக்காது. அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் தரும் உரிமை சிறிதளவு குறைக்கப்பட்டாலும் அது தீங்கே. நூல்களால் பள்ளியில் ஒழுங்கின்மை ஏதும் ஏற்பட்டதாக வாரியத்தினரால் காட்ட முடியவில்லை. பள்ளி நூலகங்களிலிருந்து கருத்து வேறுபாடு காரணமாக நூல்களை நீக்குவது பற்றி 1982 இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த பிக்கோ வழக்கு இத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. நூல்களைத் திறந்த அலமாரிக்குத் திருப்பி வைக்க ஆணையிடப்பட்டது.

இதற்கு மாறான திசையில் நடந்தது ஜோர்ஜியா மாநிலத்தின் குவினெட் கவுண்டி விவகாரம். அங்கு தாய் ஒருவர் 2005 இல் நூல்களைப் பள்ளிகளிலிருந்து நீக்குமாறு கோரினார். விக்கா என்னும் சூனிய நெறியை அமெரிக்க நீதிமன்றங்களே ஒரு சமயமாக ஏற்றுள்ளமையால், அதனைப் பரப்பும் நூல்களைப் பள்ளியில் வைப்பது அரசையும் சமயத்தையும் பிரிக்கும் விதியை மீறுவதாகும் என்பது அவர் வாதம். சமயப் பரப்புரையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப் பிறர் வழக்கமாகப் பயன்படுத்தும் விதியையே அவர் கையில் எடுத்தார். மாவட்ட வாரியம், மாநிலக் கல்வி வாரியம், 2007 மே மாதத்தில் மாநில நீதிமன்றம் ஆகிய மூன்றும் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. விக்கா நெறியைப் பின்பற்றுவோருள் பலர், இந்நூல்களில் தங்கள் சமயத்தைக் காண முடியவில்லை என்றே கூறிவந்தனர்.

நூல் எரிப்புகள்

2001 திசம்பர் 30 அன்று நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ஆலமகோர்டோ நகரில் ஒரு சபையினர் ஹாரி பாட்டர் நூல்களைத் தீயிலிட்டனர். அச்சபையின் போதகர் தாம் அந்நூல்களைப் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் மேய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் எரிப்பதற்குத் தீயணைப்புத் துறை இசைவளிக்க மறுத்ததால், நூல்கள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டன. எரிப்பவர்கள் சான்றாகக் கொண்டது அப்போஸ்தலருடைய நடபடிகள் 19 ஆம் அதிகாரம் (திருத்தூதர் பணிகள்). எபேசு நகரத்தில் மாயவித்தை நூல்கள் எரிக்கப்பட்ட நிகழ்ச்சி அதில் கூறப்படுகிறது. அங்கு எரித்தவர்கள் அந்நூல்களின் உரிமையாளர்களே, தாங்கள் செய்துவந்த தொழிலைக் கைவிட்டே எரித்தனர் என்ற வேறுபாட்டைக் கிறித்தவ எழுத்தாளர்களே சுட்டிக்காட்டினர்.

போலந்தின் குதான்ஸ்க் நகரில் 2019 மார்ச் 31 அன்று கத்தோலிக்கக் குருக்கள் இந்நூல்களுடன் ஆப்பிரிக்க முகமூடி ஒன்று, பூனைப் படம் பொறித்த குடை ஒன்று முதலியவற்றையும் எரித்தனர். நாசிகளின் நூல் எரிப்பை நினைவூட்டுவதாகக் கடும் கண்டனம் எழ, பங்குக் குரு சில நாட்களில் மன்னிப்புக் கேட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை

கத்தோலிக்கத் திருச்சபை இந்நூல்கள் பற்றி அதிகாரபூர்வ நிலைப்பாடு எதனையும் எடுத்ததில்லை. வத்திக்கான் தடை செய்தது, வத்திக்கான் பாராட்டியது என்ற இருவகைச் செய்திகளும் அடிக்கடி வெளிவந்தமையால் இதனை வலியுறுத்திக் கூற வேண்டியுள்ளது.

2003 பெப்ரவரியில் வத்திக்கானில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் அருட்தந்தை பீட்டர் ஃபிளீட்வுட் ஒரு வினாவிற்கு விடையாக, நூல்களில் தீமை எதனையும் தாம் காணவில்லை என்றார். அடுத்த மாதமே, அப்போது கர்தினாலாக இருந்த யோசப் ராட்சிங்கர், இந்நூல்களைக் கண்டித்து எழுதிய செருமானிய ஆசிரியை கபிரியேலே கூபிக்கு மடல் எழுதினார். குழந்தைகளின் நம்பிக்கையை அவர்கள் அறியாமலே சிதைக்கும் நுண்ணிய கவர்ச்சிகள் இவை என்ற பொருள்பட அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. 2005 ஏப்ரலில் அவர் பதினாறாம் பெனடிக்ட் என்னும் திருத்தந்தையானார். சூலையில் ஆறாம் நூல் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன் இம்மடல் பரவலாக வெளியிடப்பட்டு, திருத்தந்தையே எதிர்க்கிறார் என்று தலைப்பிடப்பட்டது. அம்மடல் அலுவலக உதவியாளர் ஒருவரால் மரியாதைக்காக எழுதப்பட்டிருக்கலாம் என்று ஃபிளீட்வுட் கருதினார்.

வத்திக்கான் நாளிதழான "லொசர்வத்தோரே ரொமானோ" 2008 சனவரியில் ஆதரவாகவும் எதிராகவும் இரு கட்டுரைகளைப் பக்கத்துக்குப் பக்கம் வெளியிட்டது. அதே இதழ் 2009 இல் ஆறாம் திரைப்படத்தைப் பாராட்டியது. உரோமை மறைமாவட்டத்தின் பேயோட்டும் குருவாக நெடுங்காலம் பணியாற்றிய கபிரியேலே அமோர்த், 2016 இல் மறையும் வரை அறியப்பட்ட எதிர்ப்பாளராகவே இருந்தார்.

ஏனைய திருச்சபைகளும் சமயங்களும்

இங்கிலாந்தில் எதிர்ப்பு மெலிதாகவே இருந்தது. 2000 இல் கென்ட் பகுதியின் சாதம் நகரிலுள்ள திருச்சபைப் பள்ளி ஒன்று நூல்களை விலக்கியது. ஆயினும் முதல் திரைப்படத்தின் ஹாக்வார்ட்ஸ் நடைவழிகள் குளோஸ்டர் பேராலயத்திலேயே படமாக்கப்பட்டன. உள்ளூரில் எழுந்த எதிர்ப்பைப் பேராலய நிர்வாகம் ஏற்கவில்லை. 2007 இல் இங்கிலாந்து திருச்சபையின் பதிப்பகம், இளையோருக்குக் கிறித்தவம் கற்பிக்க ஹாரி பாட்டரைப் பயன்படுத்தும் கையேடு ஒன்றையே வெளியிட்டது.

ஐக்கிய அரபு அமீரகம் 2002 இல் தனியார் பள்ளிகளில் இந்நூல்களை வேறு சில நூல்களுடன் தடை செய்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் "விலங்குப் பண்ணை"யும் அத்தடைக்குள் அடங்கும். ஈரானில் "கேஹான்" நாளிதழ் 2007 இல் கண்டித்து எழுதியது. பாரசீக மொழிபெயர்ப்புகள் தொடர்ந்து விற்பனையாயின. யூதர்களிடையே மந்திரம் பெரிய சிக்கலாகவில்லை. இசுரேலில் 2007 இல் எழுந்த பூசல் வேறு வகையானது. ஏழாம் நூல் சனிக்கிழமை வெளியானதால், ஓய்வுநாளில் கடை திறந்தால் தண்டம் விதிக்கப்படும் என்று அமைச்சர் ஒருவர் எச்சரித்தார்.

ரௌலிங்கின் விளக்கம்

ரௌலிங் தாம் மந்திரத்தை நம்புவதில்லை என்றும், சூனியத்தின்பால் குழந்தைகளை ஈர்ப்பது தம் நோக்கமன்று என்றும் தொடக்கத்திலிருந்தே கூறிவந்தார். தம் கிறித்தவ நம்பிக்கை பற்றி விரித்துரைக்க அவர் தயங்கினார். கதையின் முடிவை வாசகர் ஊகித்துவிடுவர் என்பதை அதற்குக் காரணமாகக் கூறினார். ஏழாம் நூலில் ஹாரி இரு கல்லறை வாசகங்களைக் காண்கிறான். ஒன்று மத்தேயு நற்செய்தி 6 ஆம் அதிகாரத்திலிருந்தும் மற்றொன்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் 15 ஆம் அதிகாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. எங்கிருந்து வந்தவை என்று நூலில் சொல்லப்படவில்லை. 2007 அக்டோபரில் செய்தியாளர்களிடம் பேசிய ரௌலிங், அவ்விரு வாசகங்களும் தொடர் முழுவதையும் சுருக்கித் தருகின்றன என்றார். அதன்பின் பல கிறித்தவ இதழ்கள் மறுவாசிப்பில் இறங்கின. கிரேஞ்சரின் பழைய நூல்களும் புதிதாகக் கவனம் பெற்றன.

2007 க்குப் பின்

தொடர் முடிந்தபின் முறையீடுகள் குறைந்தன. 2020 முதல் பாலின அடையாளம் பற்றிய ரௌலிங்கின் கருத்துகள் மீது எழுந்த சர்ச்சை இதனின் வேறானது. அதில் அணிகளும் வேறு. எனினும் பழைய விவாதம் அற்றுப்போகவில்லை. 2019 ஆகத்தில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் பங்குக் குரு இந்நூல்களை நூலகத்திலிருந்து நீக்கினார். நூல்களில் உள்ள மந்திரச் சொற்கள் உண்மையானவை என்றும், மனிதர் படிக்கும்போது தீய ஆவிகளை அழைக்கக்கூடியவை என்றும் அவர் பெற்றோருக்கு எழுதினார். பேயோட்டும் குருக்களைக் கலந்தாலோசித்ததாகவும் குறிப்பிட்டார். மறைமாவட்டக் கல்வி அலுவலகம், திருச்சபைக்கு இதில் அதிகாரபூர்வ நிலைப்பாடு இல்லை என்றும், தம் பள்ளி பற்றி முடிவெடுக்கப் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு என்றும், வீட்டில் இந்நூல்களைப் படிக்கத் தரும் பெற்றோர் நம்பிக்கையின் ஒளியில் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் தெரிவித்தது. அது தனியார் சமயப் பள்ளியாதலால், சீடர்வில் தீர்ப்பு அதனைக் கட்டுப்படுத்தவில்லை.